முற்றத்தில் நிற்கும் வான்



இந்த மாதம் நான் எழுதப்போவது வாகனப் பற்றரியைப் பற்றி. பெண்களுக்கான பக்கத்தில் பற்றரிக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். 2017 ஆம் ஆண்டு மார்கழி மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமமொன்றில் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய கணவருக்கு 2009 இல் செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லாமற் போய்விட்டது. அவரைப் பேருந்தில் ஏற்ற முடியாது. ஓட்டோவில் இருத்தினால் பாதி வழியிலேயே வலியில் துடித்துப்போவார். இதைக் கேள்விப்பட்டு வெளிநாட்டிலிருக்கும் தம்பியார் அனுப்பிய காசில் 2015 இல் ஒரு பழைய சிறிய வான் வாங்கினார்கள். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டார்கள். ஓட்டுநருக்குக் கூலி கொடுக்க வசதியில்லாததால் அக்காவே ஓடப் பழகி அனுமதிப்பத்திரம் எடுத்தார். அந்த நாட்களில் ஊர் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

அந்த வான் மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்குப் போகும். மற்ற நாட்களில் வேப்பமரத்தின் கீழே தறப்பாள் போர்த்தபடி நிற்கும். பெற்றோல் விற்கும் விலைக்கு வேறு என்ன செய்வது?

மார்கழி மழை கொட்டிய ஓர் இரவு பதினொரு மணியளவில் கணவருக்கு நடுக்கத்துடன் கடும் காய்ச்சல். சலக்குழாயில் கிருமி தொற்றியிருந்தது. முள்ளந்தண்டுப் பாதிப்புள்ளவர்களைப் பராமரிக்கும் சகோதரிகளுக்கு இது எவ்வளவு ஆபத்தானது என்று நான் சொல்லத் தேவையில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை அப்போது எங்கள் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை. 2018 இல்தான் வடக்கில் அது ஆரம்பமானது. அக்கா மகனுடன் சேர்ந்து கணவரைத் தூக்கி வானில் கிடத்திவிட்டுச் சாவியைத் திருப்பினார். "டிக், டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தள்ளிப் பார்க்கலாம் என்றால் முற்றம் முழுவதும் சேறு.

கடைசியில் நான்கு வீடு தள்ளி இருந்த ஒருவரை எழுப்பி, உழவு இயந்திரத்தின் பெட்டியில் மெத்தையைப் போட்டு, வானில் இருந்த அதே தறப்பாளைப் போர்த்திக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனார்கள். ஒன்றரை மணித்தியாலப் பயணம். கணவர் பிழைத்தார், ஆனால் இரண்டு கிழமை விடுதியில் இருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் நான் போனபோது அக்கா சொன்னார்: "வானிலை பெற்றோல் இருந்தது பிள்ளை. ரயருக்குக் காத்து இருந்தது. என்ரை கையிலை லைசென்ஸ் இருந்தது. ஒண்டும் உதவேல்லை."

இரண்டு வருடத்தில் அந்த வானுக்கு அது இரண்டாவது பற்றரி. முதலாவது செத்தபோது ஒரு கராஜில் காரணம் கேட்டிருக்கிறார். "வீட்டிலை ஆம்பிளை ஆரும் இருந்தா அனுப்புங்கோ, சொல்லுறன்" என்று பதில் வந்ததாம். காசை வாங்கிக்கொண்டு புதியதைப் பூட்டி அனுப்பிவிட்டார்கள். இம்முறை நான் விசாரித்து, ஓய்வுபெற்ற மெக்கானிக் பெரியவர் ஒருவரிடம் அக்காவை அழைத்துச் சென்றேன். அவர் எங்கள் இருவரையும் வாங்கில் இருத்தி, தேநீர் தந்து, ஒன்றரை மணிநேரம் விளக்கினார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அதையும், அதன் பிறகு நாங்கள் அனுபவத்தில் அறிந்ததையும் சேர்த்தே கீழே தருகிறேன்.

சும்மா நிற்கும் பற்றரி ஏன் சாகிறது?

"ஓடாத வாகனத்திலை பற்றரி ஏன் இறங்குது?" என்பதுதான் அக்காவின் முதல் கேள்வி. பாவிக்காத பொருள் தேயாது என்றுதானே நாம் எண்ணுகிறோம். பற்றரி அப்படியல்ல. அது பானையில் வைத்த நீரைப் போன்றது. நாம் அள்ளாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

வாகனப் பற்றரிக்குள்ளே ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும். ஆறும் சேர்ந்து 12.6 வோல்ற். வயர் எதுவும் பூட்டாமல் வைத்தாலும் உள்ளே நடக்கும் இரசாயன மாற்றத்தால் இந்தச் சக்தி மெல்ல மெல்ல இறங்கும். சூடு கூடிய இடத்தில் இன்னும் வேகமாக இறங்கும். எங்கள் வன்னி வெய்யிலைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

இரண்டாவது காரணம், வாகனம் உறங்கும்போதும் அதற்குள் உறங்காத சில உண்டு: மணிக்கூடு, வானொலியின் நினைவகம், களவுக்கான அலாரம், புதிய வாகனமென்றால் அதன் கணினி. இவை எடுப்பது மிகச் சிறிய அளவுதான். ஒரு கணக்குப் பாருங்கள். 30 மில்லி அம்பியர் எடுக்கிறது என்று வைப்போம். ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி. முப்பது நாளைக்கு 21 அம்பியர் மணிக்கு மேல். எங்கள் அக்காவின் பற்றரி 45 அம்பியர் மணி கொண்டது. ஆகவே ஒரு கிளினிக்குக்கும் அடுத்த கிளினிக்குக்கும் இடையில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. ஒரு மாதம் தவறினால் மிச்சமும் போய்விடும்.

மூன்றாவது விடயம்தான் முக்கியமானது. இறங்கிய பற்றரியை அப்படியே விட்டால் தகடுகளின் மேல் ஈய சல்பேற்று என்னும் வெள்ளைப் படிவு இறுகிப் பளிங்காகிவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் அது ஏற்காது. "பசியிலை கனநாள் விட்ட வயிறு மாதிரி, பிறகு சோறு குடுத்தாலும் எடுக்காது" என்றார் பெரியவர். அந்த உவமை எங்கள் இருவருக்கும் உடனே விளங்கியது. 2009 ஐக் கண்டவர்களுக்கு விளங்காமல் இருக்குமா?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அளந்து பார்ப்பது. மல்ரிமீற்றர் என்னும் சிறிய கருவி மின்பொருள் கடைகளில் வாங்கலாம். அதிக விலையில்லை. அதை நேர் மின்னோட்டம் 20 வோல்ற் என்ற இடத்தில் வைத்து, சிவப்புக் கம்பியைக் கூட்டல் அடையாளமுள்ள முனையிலும் கறுப்புக் கம்பியைக் கழித்தல் அடையாளமுள்ள முனையிலும் தொட வேண்டும். வாகனம் ஓடி நின்ற உடனே அளக்கக் கூடாது. காலையில், இயக்குவதற்கு முன் அளக்க வேண்டும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12 என்றால் கால்வாசி. 12.4 க்குக் கீழே இறங்க விடாதீர்கள். இயந்திரம் ஓடும்போது அளந்தால் 13.8 க்கும் 14.4 க்கும் இடையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பற்றரியில் அல்ல, அதற்கு மின்சாரம் ஏற்றும் பகுதியிலே பழுது இருக்கலாம். இது தெரிந்திருந்தால் தேவையில்லாமல் புதுப் பற்றரி வாங்க மாட்டீர்கள்.

இரண்டாவது, கிழமைக்கு ஒரு தடவையாவது அரைமணி நேரம் வாகனத்தை ஓட்டுவது. முற்றத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். போதாது. இயந்திரத்தைத் தொடக்க எடுத்த சக்தி திரும்பி வரலாம், ஆனால் கிழமை முழுவதும் கசிந்தது வராது. மூடிய கொட்டிலுக்குள் இயந்திரத்தை ஓடவிடவே கூடாது. அதன் புகை மணமில்லாமலே ஆளைக் கொல்லும்.

மூன்றாவது, ஒரு சதமும் செலவில்லாத வழி. இரண்டு கிழமைக்கு மேல் வாகனம் நிற்குமென்றால் கழித்தல் முனையின் வயரைக் கழற்றி, முனையில் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். உறங்காதவை எல்லாம் அப்போது உறங்கிவிடும். எப்போதும் கழித்தல் முனையை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். காரணம் இது: வாகனத்தின் உடம்பு முழுவதும் கழித்தல் முனையோடு தொடர்புபட்டது. கூட்டல் முனையை முதலில் கழற்றும்போது உங்கள் ஸ்பனர் வாகனத்தின் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். கழற்றுமுன் வாகனச் சாவி உங்கள் கையில் இருக்கட்டும், உள்ளே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பூட்டிய பிறகு மணிக்கூட்டைத் திரும்பச் சரிசெய்ய வேண்டிவரும், அவ்வளவுதான்.

நான்காவது, மின்சாரம் உள்ள வீடுகளில் சார்ஜர். நிறைந்ததும் தானாகவே குறைத்து, 13.5 வோல்ற் அளவில் தாங்கிக்கொண்டிருக்கும் வகை இருக்கிறது. அதைப் பூட்டியபடி விடலாம். பழைய வகைச் சார்ஜரை அப்படி விடக் கூடாது. பற்றரி கொதித்து நீர் வற்றிவிடும். பழைய வகையென்றால் பற்றரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு அம்பியரில் ஏற்ற வேண்டும். 45 அம்பியர் மணிப் பற்றரிக்கு 4.5 அம்பியர். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, சூரியன். 10 வற் அளவுள்ள சிறிய சோலர் தகடு ஒன்று, நல்ல வெய்யிலில் நாலைந்து மணிநேரத்தில் இரண்டு அம்பியர் மணிவரை தரும். மேலே சொன்ன நாளாந்தக் கசிவு 0.72 மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். தகட்டுக்கும் பற்றரிக்கும் நடுவே சார்ஜ் கொன்ட்ரோலர் வேண்டும். அதில் பற்றரியை முதலிலும் தகட்டைப் பிறகும் பூட்டுங்கள்.

நீர், துப்புரவு, பாதுகாப்பு

மூடி திறக்கக்கூடிய பற்றரியானால் மாதமொருமுறை நீர்மட்டம் பாருங்கள். தகடுகள் வெளியே தெரியக் கூடாது. வடித்த நீர் மட்டுமே விடவேண்டும். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு கூட, அது பற்றரியைக் கெடுக்கும். அமிலம் ஒருபோதும் விடாதீர்கள். மூடி இல்லாத வகையைத் திறக்க முயலவேண்டாம். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளுக்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். அந்தக் கரைசல் பற்றரிக்குள் போகாமற் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு கொஞ்சம் வாசலின் பூசிவிடலாம்.

பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு வெளிவரும். அது தீப்பற்றக் கூடியது. பக்கத்தில் குப்பி விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் வேண்டாம். படுக்கும் அறையில் வைத்து ஏற்றவேண்டாம். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பழைய உடுப்பை உடுத்துங்கள். நான் சிறுமியாக இருந்த காலத்தில் வன்னியில் மின்சாரம் கிடையாது. ஜெனரேற்றர் வைத்திருந்த கடையில் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றி அப்பா சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவருவார். இறக்கி வைத்த அம்மாவின் சீலையில் அடுத்த தோய்ப்போடு ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அந்தச் சீலையை அம்மா பிறகு தலையணை உறையாகத் தைத்தார்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதிலும் 12 வோல்ற் பற்றரி ஒன்று தனியாக உண்டு. ஆனால் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். அதில் பாய்வது ஆளைக் கொல்லும் மின்சாரம்.

செத்த பற்றரியை விற்ற கடையிலேயே கொடுங்கள். காசும் தருவார்கள். வலைக்கு ஈயம் உருக்கவென்று வீட்டில் அதை உடைக்க வேண்டாம். ஈயத்தின் தூளும் புகையும் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

ஒரு சனிக்கிழமை

2018 இல் பெரியவரை எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்தோம். பதினான்கு பேர் வந்தார்கள். ஓட்டோ ஓடுகிற தங்கச்சி ஒருவர், பட்டா வாகனத்தில் மரக்கறி ஏற்றுகிற அம்மா ஒருவர், வாகனமே இல்லாத சிலர். தொடங்குமுன் வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரண்டு முனையிலும் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். எல்லோரும் கழற்றி ஒரு தட்டத்தில் வைத்தார்கள். 2009 வைகாசியில் காணாமற் போன கணவரை இன்னமும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு சகோதரி மட்டும் தாலிக்கொடியைப் பொத்திப் பிடித்தபடி நின்றார். பெரியவர் அதைக் கண்டுவிட்டு, "அதைக் கழட்டவேண்டாம் பிள்ளை. சட்டைக்குள்ளை விட்டு ஊசி குத்திக்கொண்டு வா" என்றார். அந்தச் சகோதரிதான் அன்று முதலில் ஸ்பனரைக் கையில் எடுத்தவர்.

சங்கத்துக்கென்று ஒரு மல்ரிமீற்றரும், ஒரு சார்ஜரும், பத்தாம் இலக்க ஸ்பனர் இரண்டும் வாங்கினோம். வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பாவித்தோம்.

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, வாகனங்களெல்லாம் கிழமைக் கணக்கில் நின்றன. எங்கள் சகோதரிகள் கழித்தல் வயரைக் கழற்றி வைத்தார்கள். ஊரடங்கு தளர்ந்த நாளில் அவர்களின் வாகனங்கள் முதல் திருப்பலிலேயே இயங்கின. 2022 இன்னும் கடுமையானது. மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு, சார்ஜரால் பயனில்லை. யூன் மாதக் கடைசியிலிருந்து யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள். பிறகு கியூஆர் அட்டையில் கிழமைப் பங்கீடு. பற்றரிக்காக இயந்திரத்தை ஓடவிட்டு பெற்றோலைக் கரைக்க யாருக்கு மனம் வரும்? வான்கார அக்கா தம்பியாரிடம் கேட்டு வாங்கிய சிறு சோலர் தகட்டைக் கொட்டிலின் தகரத்தில் கட்டினார். போத்தலில் ஐந்து லீற்றர் பெற்றோலைச் சேமித்து வைக்கச் சிலர் சொன்னபோது மறுத்தார். "வீட்டிலை எழும்பி ஓடேலாத மனிசன் இருக்கு, நெருப்புச் சாமானை வைக்கமாட்டன்" என்று சொல்லி, வானின் தாங்கியிலேயே வைத்திருந்தார். அந்த யூலையில் ஓர் இரவு வான் மறுபடியும் தேவைப்பட்டது. இம்முறை அவருடைய கணவருக்காக அல்ல. அயல்வீட்டுப் பிள்ளைக்குப் பிரசவ வலி வந்து, அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அது வரும் வழியிலேயே எதிர்கொண்டு ஏற்றிவிட்டார்கள். வான் ஒரே திருப்பலில் இயங்கியது.

சமூகவியல் படித்தபோது வீட்டிலே ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சையில் புள்ளி வாங்கினேன். யுத்தம் எங்கள் பெண்களின் தலையில் ஆண்களின் வேலைகளையெல்லாம் சுமத்தியது. அந்த வேலைகளுக்குரிய அறிவை மட்டும் யாரும் கையளிக்கவில்லை. "ஆம்பிளையை அனுப்புங்கோ" என்று சொன்ன கராஜுக்கு அனுப்ப எங்களில் பலரிடம் ஆளில்லை. ஆகவே நாமே போய்க் கேட்போம். விளங்கும்வரை கேட்போம். சொல்லாவிட்டால் சொல்லக்கூடிய இன்னொருவரைத் தேடுவோம்.

இன்று அந்த வீட்டுக்குப் போனால் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கலண்டர் தொங்குவதைக் காண்பீர்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் பென்சிலால் ஓர் எண் இருக்கும். அக்கா முற்றத்திலிருந்து மீற்றரைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்ல, உள்ளே படுத்திருக்கும் கணவர் எழுதிக்கொள்கிறார். 12.4 என்று வந்தால் விடமாட்டார். "இண்டைக்கு ஒருக்கால் சந்திவரைக்கும் ஓடிப்போட்டு வாரும்" என்று கலைத்துவிடுவார். கடந்த கிழமை நான் போனபோது கலண்டரைக் காட்டிச் சிரித்தார். 12.6.

சகோதரிகளே, உங்கள் முற்றத்திலும் ஒரு வாகனம் நின்றால் நாளைக் காலையில் ஒருதடவை போய்ப் பாருங்கள். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் பொருள் அவசரத்தில் உதவ வேண்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.